எட்டாம் மாதத்துப் பிள்ளை: பேறுகால வலி எப்படித் தொடங்குகிறது?

எட்டியாந்தோட்டைப் பக்கம், றப்பர்த் தோட்டமொன்றை ஒட்டிய பாடசாலையில் நான் தமிழ் படிப்பிக்கிறேன். போன வருடம் மூன்றாந் தவணை முடிவில், தரம் மூன்றில் படிக்கும் ஒரு பையனின் தாய் தேர்ச்சி அறிக்கையில் ஒப்பமிட வந்தார். பால்வெட்டு முடித்து, கை கழுவி, அவசரமாக வந்திருந்தார். பையன் வாசிப்பில் கெட்டிக்காரன். அதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இவன் எட்டாம் மாசத்துல பொறந்தவன் டீச்சர். எட்டாம் மாசத்துப் புள்ள தங்காதுன்னு எங்க மாமியா ரொம்ப நாளு தொட்டில் கட்டவே விடல."

பிறகு கதை முழுவதும் வந்தது. அன்று விடியற்காலையிலேயே இடுப்பு கடுத்திருக்கிறது. பால் வாளி தூக்கியதால் வந்த கடுப்பு என்று நினைத்து வேலைக்குப் போயிருக்கிறார். பின்னேரம் வயிறு விட்டுவிட்டு இறுகியது. மாமியார் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். இரவு பன்னீர்க்குடம் உடைந்தது. அடைமழை, தோட்டத்துப் பாதையில் மண் சரிந்து கிடந்தது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்த அரை மணித்தியாலத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. மூச்சு எடுக்க முடியாமல் பதினொரு நாள் குழாயோடு கிடந்தது.

"நான் வாளியத் தூக்காம இருந்திருந்தா நேரத்துக்குப் பொறந்திருப்பான்ல டீச்சர்?" என்று கேட்டார். எட்டு வருடமாக மனதில் வைத்திருந்த கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழ்ச் சிறப்புப் பட்டத்தில் இதற்கெல்லாம் பாடம் இல்லை. என் மச்சி மகப்பேற்று விடுதியில் தாதியாக இருக்கிறாள். அவளைப் பிடித்து வைத்துக் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் நான் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எட்டாம் மாதக் கணக்கு. ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று மாவனல்லையில் எங்கள் உம்மும்மாவும் சொல்வார். தோட்டத்து மாமியாருக்கும் உம்மும்மாவுக்கும் மட்டுமான நம்பிக்கை என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. இரண்டாயிரத்து நானூறு வருடங்களுக்கு முன் கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரேட்டஸின் பெயரில் வழங்கிய நூல்களில் எட்டாம் மாதப் பிள்ளையைப் பற்றியே தனியான நூல் ஒன்று உண்டு. கிரேக்க வைத்தியம் அரபு மொழிக்குப் போனபோது இந்தக் கணக்கும் கூடவே போயிற்று. அவர்கள் சொன்ன விளக்கம் இது: ஏழாம் மாதத்தில் பிள்ளை வெளியே வர ஒரு தடவை முட்டிப் பார்க்கிறது. பலமுள்ளது வந்துவிடும், பிழைக்கும். வர முடியாதது அந்தப் பிரயாசையில் களைத்து நோயாகிவிடும். அந்தக் களைப்போடு எட்டாம் மாதத்தில் பிறந்தால் தாங்காது. ஒன்பதாம் மாதத்திற்குள் தேறிவிட்டால் தப்பிக்கும்.

கேட்க அழகான விளக்கம். ஆனால் பிழை. இன்று எந்த மகப்பேற்று விடுதியின் பதிவைப் பார்த்தாலும், ஒவ்வொரு வாரம் கூடக்கூடப் பிள்ளையின் உயிருக்கான நம்பிக்கையும் கூடிக்கொண்டே போகும். இருபத்தெட்டு வாரத்துப் பிள்ளையைவிட முப்பத்துமூன்று வாரத்துப் பிள்ளை பலமானது. இடையில் எட்டாம் மாதம் என்று ஒரு குழி கிடையாது. எட்டாம் மாதத்தில் பிறந்தது என்பதற்காக ஒரு பிள்ளையைக் கைவிட்டதுபோலப் பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

மார்க்கச் சட்டத்திலும் இந்தக் குழி இல்லை. கர்ப்பத்தின் ஆகக் குறைந்த காலம் ஆறு மாதம் என்று இமாம்கள் கணித்தது நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. சுமப்பதும் பால்குடி மறக்கச் செய்வதும் சேர்ந்து முப்பது மாதம் என்று அல்குர்ஆனில் ஓரிடத்திலும், பாலூட்டல் இரண்டு முழு வருடங்கள் என்று இன்னோரிடத்திலும் வருகிறது. முப்பதில் இருபத்துநான்கு போனால் ஆறு. திருமணமாகி ஆறு மாதத்தில் பிள்ளை பெற்றதற்காகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணை, இந்தக் கணக்கைக் காட்டி அலீ (ரழி) காப்பாற்றியதாக அறிவிப்பு உண்டு. இப்னு அப்பாஸ் (ரழி) காட்டியதாகவும் வருகிறது. யார் காட்டியிருந்தாலும் பிள்ளை எப்போது பிறக்கிறது என்பது ஒரு பெண்ணின் உயிர்ப் பிரச்சினையாக இருந்திருக்கிறது. இன்றும் அப்படித்தான், வேறு விதத்தில்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். வலியைத் தொடக்கிவைப்பது யார்? தாயின் உடம்பா, பிள்ளையா?

பிள்ளைதான் என்றது கிரேக்க வைத்தியம். உள்ளே சாப்பாடு போதாமல் போகும்போது பிள்ளை உதைத்துக்கொண்டு வெளியேறுகிறது என்பது அவர்களது எண்ணம். உதைப்பதால் பிரசவம் நடப்பதில்லை என்பது பின்னால் விளங்கியது. வயிற்றிலேயே மௌத்தான பிள்ளையும் பிறக்கத்தானே செய்கிறது? ஆகவே எல்லாம் தாயின் கருப்பையின் வேலை என்று வெகுகாலம் வைத்தியர்கள் நினைத்தார்கள். பிள்ளையின் பக்கத்துக்கு மீண்டும் ஆதாரம் சேர்ந்தது சென்ற நூற்றாண்டில்தான், அதுவும் ஆடுகளால்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து மலைகளில் மேய்ந்த செம்மறிகளுக்கு நெற்றியில் ஒரே கண்ணோடு குட்டிகள் உருவாகின. கர்ப்பத்தின் பதினான்காம் நாளளவில் தாயாடு ஒருவகைக் காட்டுச் செடியைத் தின்றதுதான் காரணம் என்று 1950களில் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. கண் ஒன்றாக இருந்ததோடு இன்னொரு விசித்திரமும் இருந்தது. மூளையும் அதன் அடியிலுள்ள கபச்சுரப்பியும் ஒழுங்காக உருவாகாத குட்டிகள் சில, நாள் கடந்தும் பிறக்கவில்லை. மனிதரிலும் இதற்கு ஒப்பானதொன்றை மல்பாஸ் என்ற பிரித்தானிய வைத்தியர் 1933இல் எழுதியிருந்தார். மூளை வளராத சிசுக்களைச் சுமந்த தாய்மார் சிலருக்குத் தவணை கடந்தும் வலி வரவில்லை.

நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரிலிருந்த மகப்பேற்று வைத்தியர் மொன்ட் லிகின்ஸ் இதைப் பிடித்துக்கொண்டார். 1960களில் அவர் தாயாட்டின் வயிற்றிலிருந்த குட்டியின் கபச்சுரப்பியை அழித்துப் பார்த்தார். பிரசவம் வரவில்லை. குட்டி உள்ளேயே வளர்ந்துகொண்டு போனது. பிறகு மறுபக்கமாகச் செய்தார். நாள் ஆகாத குட்டிக்குள் கோட்டிசோல் என்ற ஓமோனைச் செலுத்தினார். சில நாட்களில் பிரசவமாகிவிட்டது. செம்மறியில் கயிற்றை இழுப்பது குட்டிதான் என்பது உறுதியாயிற்று. குட்டியின் மூளை முதிர்ந்ததும் கபச்சுரப்பிக்குச் சொல்கிறது. கபச்சுரப்பி சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அதிரீனல் சுரப்பிக்குச் சொல்கிறது. அதிரீனல் கோட்டிசோலைச் சுரக்கிறது. கோட்டிசோல் நச்சுக்கொடிக்குப் போய், கர்ப்பத்தைக் காத்துவந்த புரோஜெஸ்தரோனைக் குறைத்துவிடுகிறது.

இந்தப் புரோஜெஸ்தரோனைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். கருப்பை என்பது ஒரு தசைப்பை. தசைக்குச் சுருங்குவதுதான் சுபாவம். பத்து மாதம் அது சுருங்காமல் இருப்பதே ஆச்சரியம். நம் மலைப்பாதையில் சுமை ஏற்றிய லொறியை நிறுத்தினால், சில்லுக்கு அடியில் கல் வைப்பார்கள் அல்லவா? புரோஜெஸ்தரோன் அந்தக் கல். கர்ப்பகாலத்தின் பெரும்பகுதியில் நச்சுக்கொடி அதைச் சுரந்து கருப்பையை அமைதியாக வைத்திருக்கிறது. பிரசவம் என்பது எங்கிருந்தோ புதிதாக ஒரு பலம் வந்து தள்ளுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். அதற்கு முன் கல் எடுபட வேண்டும்.

செம்மறியில் இரத்தத்திலுள்ள புரோஜெஸ்தரோனே இறங்கிவிடுகிறது, ஆகவே கதை எளிது. மனுசியில் அப்படி இறங்குவதில்லை. வலி தொடங்கி, பிள்ளை பிறந்து, நச்சுக்கொடி விழும்வரைக்கும் அது உயரத்திலேயே இருக்கிறது. இதுதான் ஆய்வாளர்களை நெடுநாள் சுற்றவிட்ட புதிர். கல் இருந்த இடத்தில் இருக்க, லொறி எப்படி நகர்கிறது? இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் விடை இது: ஓமோன் குறையவில்லை, கருப்பைத் தசை அதற்குக் காது கொடுப்பதை நிறுத்திவிடுகிறது. புரோஜெஸ்தரோன் வந்து ஒட்டும் வாங்கிகள் தசையின் கலங்களுக்குள் இரண்டு வகையாக உண்டு. ஒரு வகை 'அமைதியாயிரு' என்ற சொல்லை நிறைவேற்றும். மற்ற வகை அதைத் தடுக்கும். மாதம் நிறைய நிறைய இரண்டாவது வகையின் கை ஓங்குகிறது. பாடசாலை மணி அடித்துக்கொண்டேதான் இருக்கிறது, பிள்ளைகள் கேட்பதில்லை என்பது போல. (இந்த உவமை எனக்கு அனுபவத்தில் வந்தது.)

அமைதி குலையும்போது தசைக்குள் இன்னும் சில ஏற்பாடுகள் நடக்கின்றன. அதுவரை கருப்பைத் தசையின் கலங்கள் ஒவ்வொன்றும் தன்பாட்டில் இருந்தவை. இடையிடையே அங்கொன்றும் இங்கொன்றும் சுருங்கும். கர்ப்பிணிகளுக்கு வயிறு சும்மா இறுகி விடுவது அதனால்தான். முன்பு தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக்குத் தப்பு அடிப்பார்கள். அந்தச் சத்தத்தில் எல்லா லயமும் ஒரே நேரத்தில் எழும்பும். பேறுகாலம் நெருங்கும்போது கலங்களுக்கிடையே நுண்ணிய வாசல்கள் பெருமளவில் திறக்கின்றன. ஒரு கலத்தில் கிளம்பும் மின்துடிப்பு அடுத்ததற்கு, அதற்கடுத்ததற்கு என்று ஓடுகிறது. தப்புக் கேட்ட தோட்டம் மாதிரி முழுக் கருப்பையும் ஒன்றாகச் சுருங்கப் பழகுகிறது. கீழே, கயிறு போல இறுகியிருந்த கருப்பைக் கழுத்தின் நார்கள் தளர்ந்து, நீர் ஊறி, மெத்தென்றாகின்றன. இவற்றில் பெரும்பகுதி வலி தெரிவதற்கு முன்பே, நாட்கணக்கில், சத்தமில்லாமல் நடந்து முடிகிறது. வாளி தூக்கிய அந்த ஒரு விடியலில் தொடங்கிய காரியம் அல்ல இது.

சரி, காது கொடுக்காதே என்று தசைக்குச் சொன்னது யார்? மனிதரில் ஒரே ஒருவரைக் காட்ட முடியாது. மூன்று பக்கத்திலிருந்தும் சேதி வருகிறது.

முதலாவது நச்சுக்கொடி. மூளை நெருக்கடி நேரத்தில் வெளிவிடும் ஒரு ஓமோன் உண்டு, கோட்டிசோலைச் சுரக்கச் சொல்லும் ஓமோன். அதை மனித நச்சுக்கொடியும் தயாரிக்கிறது. செம்மறியின் நச்சுக்கொடியில் இது நடப்பதில்லை. மூளையில் கோட்டிசோல் கூடினால் இந்த ஓமோன் குறையும். நச்சுக்கொடியில் தலைகீழ்: கோட்டிசோல் கூடினால் இதுவும் கூடும், இது கூடினால் அதுவும் கூடும். ஆகவே கர்ப்பம் முதிர முதிர அது மடங்கு மடங்காக ஏறுகிறது. அவுஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் ரொஜர் ஸ்மித்தும் அவருடன் பணியாற்றியவர்களும் நூற்றுக்கணக்கான கர்ப்பிணிகளின் இரத்தத்தில் இதை அளந்து 1995இல் வெளியிட்டார்கள். நாளாவதற்கு முன் பெற்ற தாய்மாரில் இது ஆரம்ப மாதங்களிலேயே உயரத் தொடங்கியிருந்தது. பிந்திப் பெற்றவர்களில் மெதுவாக ஏறியிருந்தது. நச்சுக்கொடிக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். ஒவ்வொரு அறையும் ஒரு குறித்த தவணையையும் அளவையும் உடையது என்பதை நாம் ஓதி வந்திருக்கிறோம். அந்த அளவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதன் ஒரு சிறு மூலையை இங்கே பார்க்கிறோம் என்றே எனக்குத் தோன்றியது.

இரண்டாவது பிள்ளை. அதன் நுரையீரல் முதிரும்போது ஒருவகைச் சவர்க்காரத்தன்மையுள்ள பொருளைச் சுரக்கிறது. நனைந்த பொலித்தீன் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்வது போல நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பது அதுதான். அப்பொருளிலுள்ள ஒரு புரதம் பன்னீருக்குள் கசிந்து, பிரசவத்தைத் தொடக்கும் சைகைகளில் ஒன்றாகிறது என்று எலிகளில் நடந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. மனிதரில் அதே அளவுக்கு நிறுவப்படவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், நான் மூச்சுவிடத் தயார் என்று பிள்ளையே சொல்லி அனுப்புவதைப் போல அது இருக்கிறது.

மூன்றாவது கருப்பையே. அளவுக்கு மேல் இழுபட்டால் தசை விழித்துக்கொள்ளும். இரட்டைப் பிள்ளைகள் நேரத்தோடு பிறப்பது இதனால்தான்.

இந்தச் சேதிகள் ஒன்றுசேர்ந்ததும் பிள்ளையைச் சூழ்ந்த சவ்வுகளில் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள்கள் பெருகுகின்றன. கழுத்தை மெதுவாக்குவதும் தசையைச் சுருக்குவதும் அவற்றின் வேலை. உகண்டாவின் மக்கெரெரே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுல்தான் கரீம் என்ற ஆய்வாளர் 1968இல் இவற்றைத் தாய்மாருக்கு ஏற்றி வலியைத் தொடக்கிக் காட்டினார். இன்று உலகெங்கும் வலி வரவைக்க வைக்கும் மருந்துகள் அந்த வழியில் வந்தவை. நம்மவர் பெயர் கொண்ட ஒருவர் என்பதால் மட்டும் இதைக் குறிக்கவில்லை, அவரை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பதாலும்தான்.

கடைசியில் வருவது ஒட்சிடோசின். ஆஸ்பத்திரியில் 'வலிக்கு ஊசி' என்று சேலைனில் கலந்து ஏற்றுகிறார்களே, அது. கபச்சுரப்பியின் பின்பகுதிச் சாறு கருப்பையைச் சுருக்குவதை ஹென்றி டேல் 1906இல் கண்டார். அதைச் செயற்கையாகச் செய்து காட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் நோபல் பரிசு கிடைத்தது. பிள்ளையின் தலை கழுத்தை அழுத்த, தாயின் மூளை ஒட்சிடோசினை விடும். அது கருப்பையைச் சுருக்க, தலை இன்னும் அழுத்தும். அழுத்த அழுத்த இன்னும் வரும். உடம்பில் அநேக காரியங்கள் கூடினால் தானே அடங்கும்படி அமைந்தவை. இது மட்டும் கூடக்கூடக் கூடிக்கொண்டே போய், பிள்ளை வெளியே வந்தால்தான் நிற்கும். ஆனால் தொடக்குவது இதுவல்ல. தசை முதலில் தயாராகாவிட்டால் ஒட்சிடோசின் பெரிதாக ஒன்றும் செய்யாது.

பேரீச்சம்பழத்தைப் பற்றி யாராவது கேட்பீர்கள். பேறுகால வலி மர்யம் (அலை) அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுவந்ததையும், அதன் கனி உதிர்ந்ததையும் சூரா மர்யமில் ஓதுகிறோம். ஜோர்தானில் ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. தவணைக்கு முந்திய நான்கு வாரமும் நாளைக்கு ஆறு பழம் சாப்பிட்ட 69 பேரில் 96 வீதமானோருக்கு வலி தானாகவே வந்தது. சாப்பிடாத 45 பேரில் அது 79 வீதம். சிறிய ஆய்வு, யார் சாப்பிடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்ததும் அல்ல. நம்பிக்கை தரும் செய்தி, அவ்வளவுதான். நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது நல்லது. ஆமணக்கெண்ணெய் வேறு விஷயம். அதிலுள்ள அமிலம் புரொஸ்டகிளாண்டினுக்குரிய வாங்கியிலேயே போய் ஒட்டுகிறது என்று 2012இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். பழைய மருத்துவிச்சிகளின் கை சும்மா இல்லை. அதனாலேயே அது வீட்டில் விளையாடும் சாமான் அல்ல.

இதுவரை சொன்னது நேரத்துக்குத் திறக்கும் பூட்டைப் பற்றி. அந்தத் தாய்க்கு நடந்தது வேறு. நாளாவதற்கு முன் பூட்டை உடைக்கும் காரணங்களில் முக்கியமானது கிருமித் தொற்று. தொற்றோடு போராடும்போது உடம்பு அழற்சிப் பொருள்களை வெளிவிடுகிறது. அவை புரொஸ்டகிளாண்டினைப் பெருக்கும், புரோஜெஸ்தரோனுக்குக் காதை அடைக்கும். அதாவது பிரசவத்தைத் தொடக்கும் அதே வழியில், நேரமாகாமலே, போய் நிற்கும். நம் மாவட்டம் இதற்கு ஒரு கொடிய சாட்சி. 1934-35 மலேரியாப் பெருங்காய்ச்சல் ஆக மோசமாக அடித்த இடங்களில் கேகாலையும் ஒன்று. இலங்கை முழுவதும் எண்பதாயிரம் பேரளவில் மௌத்தானார்கள். மலேரியாக் கிருமி நச்சுக்கொடியிலேயே போய்த் தங்கும். கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் அதன் கூடப்பிறந்தவை. 2016இல் மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. ஆனால் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் எலிக்காய்ச்சலும் டெங்கும் இருக்கின்றன. கர்ப்பிணிக்கு வரும் எந்தக் காய்ச்சலையும் பனடோலோடு விட முடியாது.

காய்ச்சலைவிடச் சத்தமில்லாதது சிறுநீர்த் தொற்று. மலையில் கொழுந்து எடுக்கும், பால் வெட்டும் பெண்கள் மணிக்கணக்கில் ஒதுங்க இடமின்றி அடக்கிக்கொள்கிறார்கள். அதற்காகவே தண்ணீரும் குடிப்பதில்லை. பல வகுப்புத் தாய்மார் இதை என்னிடம் வெட்கத்தோடு சொல்லியிருக்கிறார்கள். எரிவு ஒன்றும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கலாம், அதுவும் முன்கூட்டி வலியை எழுப்பலாம். கிளினிக்கில் சிறுநீர் கேட்பதற்குக் காரணங்கள் உண்டு, இது அவற்றில் ஒன்று. சாதாரண மாத்திரையில் மாறக்கூடியது. இரத்தக் கசிவு, இரத்த அழுத்தம், வெற்றிலையோடு போடும் புகையிலை என்று வேறு காரணங்களும் உண்டு. முன்பு ஒருமுறை குறைமாதத்தில் பெற்றவருக்கு அடுத்த முறையும் அப்படியாகும் வாய்ப்பு மற்றவரைவிடக் கூட. தோட்டத்துப் பிள்ளைகள் நிறை குறைந்து பிறப்பது நகரத்தையும் கிராமத்தையும்விட அதிகம் என்று நாட்டின் குடிசன சுகாதார அளவீடுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அதன் ஒரு பகுதி தோட்டத்தில் ஒரு மலசலகூடம் கட்டுவதோடு சம்பந்தப்பட்டது என்று நான் நினைக்கிறேன். வாளியைத் தூக்கிய பெண்ணைக் கேள்வி கேட்பதை விட, கூடம் கட்டாதவரைக் கேட்பது பொருத்தம்.

லிகின்ஸின் ஆடுகளுக்குத் திரும்ப வேண்டும், ஏனெனில் அங்கேதான் இந்தத் தாய்க்கு எட்டாமல் போன சாமான் இருக்கிறது. கோட்டிசோல் வகை மருந்து செலுத்தி 117ஆம் நாளில் பிறந்த ஒரு குட்டி. செம்மறிக்குத் தவணை ஏறத்தாழ 147 நாள். அந்த வயதுக் குட்டி மூச்சே எடுக்கக்கூடாது. அது எடுத்தது. இறந்தபின் வெட்டிப் பார்த்தபோது நுரையீரலின் ஒரு பகுதி காற்றால் விரிந்திருந்தது. பிரசவத்தைத் தொடக்கிய அதே பொருள் நுரையீரலையும் முதிரச் செய்திருந்தது. லிகின்ஸும் குழந்தை வைத்தியர் ரொஸ் ஹௌவியும் குறைமாத வலி வந்த 282 தாய்மாரில் இதைச் சோதித்து 1972இல் வெளியிட்டார்கள். மருந்து பெறாத தாய்மாரின் பிள்ளைகளில் 25.8 வீதத்துக்கு மூச்சுத்திணறல் வந்தது. பெற்றவர்களில் 9 வீதம். மனிதரில் இந்த ஊசி வலியைத் தொடக்குவதில்லை, நுரையீரலை மட்டும் தயாராக்குகிறது. அது ஆட்டைவிட நமக்குக் கிடைத்த பெரிய சலுகை. இவ்வளவு தெளிவான செய்தியை அநேக வைத்தியர்கள் கைக்கொள்ள இருபது வருடத்துக்கு மேல் பிடித்தது. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் 2,852 பெண்களோடு உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2020இல் வந்தது. ஊசி போட்ட பக்கத்தில் சிசு மரணம் 19.6 வீதம், போடாத பக்கத்தில் 23.5.

இந்த ஊசிக்கு ஒரு நிபந்தனை உண்டு. நேரம் வேண்டும். போட்டு ஒரு நாளாவது ஆனால்தான் முழுப்பலன். அதற்காகவே வலியை ஒன்றிரண்டு நாள் தள்ளிவைக்கும் மாத்திரையும் கொடுப்பார்கள். காலையில் இடுப்பு கடுத்த பெண் நடுநிசியில் ஆஸ்பத்திரிக்கு வந்தால் அந்த நாள் கிடைக்காது.

ஆகவே அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். பொய்வலி ஒழுங்கில்லாமல் வரும், படுத்தால், தண்ணீர் குடித்தால் அடங்கும். மெய்வலி ஒழுங்காக வரும், இடைவெளி குறையும், அடங்காது, பெரும்பாலும் இடுப்பிலிருந்து முன்னுக்கு வரும். சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பது நம் பக்கத்திலும் உண்டு: பொய்வலி என்றால் அடங்கிவிடும் என்பார்கள். மாதம் நிறைந்தவருக்கு அதில் பெரிய மோசம் இல்லை. முப்பத்தேழு வாரத்துக்கு முன் என்றால் அப்படிச் சோதித்துக்கொண்டிருக்கக் கூடாது. வயிறு ஒழுங்காக விட்டுவிட்டு இறுகினால், மாதவிடாய் வலி போல அடிவயிறு இழுத்தால், நீரோ இரத்தமோ பட்டால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். சும்மா வலி என்று வைத்தியர் திருப்பி அனுப்பினால் பஸ் காசு நட்டம், அவ்வளவே. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயத்து வாசல்வரை வர முடியாவிட்டாலும் பெரிய றோட்டுவரை வரும். மழைக்காலத்தில், தோட்டப் பாதை நம்பமுடியாதபோது, முன்பு குறைமாதத்தில் பெற்றவர் கடைசி வாரங்களை ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள உறவினர் வீட்டில் கழிப்பது புத்தி. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை இறங்கிய பின் நம் பக்கத்தில் இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

இந்த முதலாந் தவணையில் அந்தத் தாயைத் திரும்பவும் கண்டேன். மீண்டும் மாசமாக இருக்கிறார். நான் விளங்கிக்கொண்டதைப் பாதி சொல்வதற்குள், "அப்ப வாளி இல்லையா டீச்சர்?" என்று கேட்டார். "ஒரு நாள் வாளி தூக்கினதால இல்ல" என்றேன். பாரமான வேலையை இப்போது குறைப்பதுதான் நல்லது என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பையிலிருந்து கர்ப்பிணி அட்டையை எடுத்து நீட்டினார். முதல் பிள்ளை எத்தனையாம் வாரத்தில் பிறந்தது என்று எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. அடுத்த கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் அதைச் சொல்லி எழுதுவித்துக்கொள்ளும்படியும், சிறுநீரைத் தவறாமல் பார்க்கும்படி கேட்கும்படியும் சொன்னேன். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிப் போனார்.